தேனீ வைத்தவர்கள்

சாமியப்பன் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் தாரணிக்குப் புரியவில்லை.

ஐந்தாம் மாடி ஆய்வுக்கூடத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பெனி கேட்டுக்கு எதிரே போட்டிருந்த பந்தல் தெரிந்தது. நீலமும் வெள்ளையுமாகத் துணி. நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் அவர். பட்டினி கிடக்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. கணக்குப்படி அவர் நெஞ்சுக்குள் இருக்கும் தேனீ எப்போதோ நின்றிருக்க வேண்டும். அது நின்றால் இதயமும் நிற்கும். ஆனால் தாரணியின் கையிலிருந்த டேப்லெட்டில் அவருடைய துடிப்புக் கோடு மெதுவாக, ஆனால் ஒரு இடத்திலும் தடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

தேனீ என்பது ஜனங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அது பேட்டரி இல்லாத பேஸ்மேக்கர். ரத்தத்தில் ஓடும் சர்க்கரையிலிருந்தே மின்சாரம் எடுத்து இதயத்தைத் தட்டிக் கொடுக்கும். தேனீ தன் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து தேனில் கலக்கிற அதே நொதிதான் அதற்குள்ளும் வேலை செய்தது. அந்த நொதியை அடைத்த சின்னப் பொட்டலத்தைத் தேனடை என்று சொல்ல ஆரம்பித்து, பிறகு வெறும் 'அடை' ஆகிவிட்டது. அடை தேய்ந்து போகும். அவ்வப்போது ஊசி வழியாக உள்ளே புது அடை வைக்க வேண்டும்.

முதல் மாடலுக்கான அடையைத் தயாரிப்பதைக் கம்பெனி நிறுத்தியதில்தான் சண்டை ஆரம்பித்தது. தேனீயையே கழற்றிவிட்டு வேறு வைக்கலாமே என்றால் முடியாது. அதன் வேர்க்கம்பிகள் இதயத் தசையோடு ஒட்டி வளர்ந்துவிட்டன. பிடுங்கினால் ஆள் மிஞ்சமாட்டார்.

"அடைக்காக உண்ணாவிரதம் இருக்கற ஒரே ஆளு நான்தானுங்க. அவியல்கூட வேண்டாம், அடை மட்டும் குடுங்க போதும்!" என்று சாமியப்பன் முதல் நாள் மைக்கில் சொன்னது கோயமுத்தூர் முழுக்கப் பரவியது. பவுண்டரியில் வார்ப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேனீ வைத்தவர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜெயசீலன் உள்ளே வந்தார். ஆய்வுப் பிரிவின் தலைவர். பல நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தாள்.

"முடிஞ்சுது தாரணி! போர்டுல ஒத்துக்கிட்டாங்க. புது அடையைப் பழைய மாடலுக்கும் பொருந்தற மாதிரி பண்ணிக் குடுக்கறோம். வெள்ளிக்கிழமையிலேருந்து வைக்க ஆரம்பிக்கலாம். முதல் ஆளுங்கள்ல உங்கம்மாவும் ஒருத்தங்க."

அம்மாவின் அடை கடைசி மூச்சில் இருந்தது. இந்த ஒரு செய்திக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்.

"கலெக்டரே வர்றாங்க. அவங்க கையால ஜூஸ் குடுத்து முடிச்சு வைக்கறாங்க. கீழ வாங்க, போகலாம்."

ஜூஸ்.

தாரணி டேப்லெட்டை மறுபடி பார்த்தாள். துடிப்புக் கோட்டுக்குக் கீழே, யாரும் அதிகம் பார்க்காத இரண்டாவது கோடு ஒன்று இருந்தது. அது தரையோடு தரையாகக் கிடந்தது. காலையிலிருந்து அவளைக் குடைந்த கேள்விக்கு அதில் பதில் இருந்தது.

"சார், இதைப் பாருங்க. கேட்டலேஸ் சுத்தமா இல்ல."

"அப்ப எப்படி ஓடுது?"

"பட்டினியாலதான் ஓடுது."

ஜெயசீலன் நின்றார்.

"சர்க்கரை குறைஞ்சா தேனீ நின்னுரும்னுதானே நாம பயந்தோம்? உடம்பு அவ்வளவு சீக்கிரம் கைவிடாது சார். ஈரல்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் குடுக்கும். அந்தக் கொஞ்சமே தேனீக்குப் போதும். ஆபத்து குறைவுல இல்ல, அதிகத்துலதான். நம்ம நொதி சர்க்கரைகிட்டேருந்து எலக்ட்ரானைப் பறிக்குது. பெரும்பங்கைக் கம்பி வாங்கிக்குது. தப்பிச்சுப் போறது ஆக்சிஜனோட சேந்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகுது. புண்ணுல ஊத்துனா நுரைச்சுக்கிட்டுப் பொங்குமே, அதே சரக்கு. அதைத் தண்ணியாக்கறதுக்குத்தான் கேட்டலேஸை ரெண்டாவது நொதியா வெச்சோம். அந்தக் காவல்காரன் முதல்லயே செத்துட்டான்."

"ம்."

"இப்போதைக்குச் சர்க்கரை கம்மி, பெராக்சைடும் கம்மி. அதனால தாங்குது. திடுதிப்புனு ஏறுச்சுன்னா, நொதி தான் உண்டாக்கற பெராக்சைடுலயே வெந்து போயிரும். தேனீ நின்னுரும்."

"எவ்வளவு ஏறுனா?"

"காஞ்ச வயித்துல ஒரு டம்ளர் சாத்துக்குடி ஜூஸ் போதும் சார்."

கீழே ஒரு டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து பழக்கூடைகளை இறக்கினார்கள். யாரோ பட்டாசுச் சரம் ஒன்றைக் கொளுத்தினார்கள்.

ஜெயசீலன் போய்க் கதவைச் சாத்தினார். அவர் ஆச்சரியப்படவில்லை என்பதைத் தாரணி அப்போதுதான் கவனித்தாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "போன தீபாவளிக்கு மறுநாள் சில பேரு இறந்து போனாங்க. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்து சில பேரு. எல்லாரும் வயசானவங்க. வயசுன்னு எழுதிட்டாங்க. நானும் வயசுன்னே நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கறது சுலபமா இருந்துச்சு."

"இப்ப சொல்லிறலாம் சார். கீழ பந்தல்லயே மைக் இருக்கு."

"சொல்லலாம். புது அடையிலயும் அதே கேட்டலேஸ்தான், கொஞ்சம் கூட வெச்சிருக்கோம், அவ்வளவுதான். கொஞ்ச வருஷத்துக்குத் தாங்கும். நீங்க மைக்கைப் பிடிச்ச அடுத்த நிமிஷம் கலெக்டர் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்வாங்க. சட்டம் அதுதான். திரும்பச் சோதிச்சு, திரும்ப அனுமதி வாங்கறதுக்குள்ள... உங்கம்மா அடை அதுவரைக்கும் இருக்குமா? நீங்கதானே அதைப் பாக்கறீங்க?"

"மிரட்டறீங்களா சார்?"

"இல்லம்மா. நான் தினம் போட்டுப் பாக்கற கணக்கை உங்ககிட்டயும் போட்டுக் காட்டறேன்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவரைக் காப்பாத்துங்க. ஜூஸ் மட்டும் குடிக்க விடாதீங்க. ஏன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் அடை வந்துரும்."

லிப்ட் கீழேயே நின்றுகொண்டிருந்தது. தாரணி படிகளில் ஓடினாள்.

பந்தலுக்கு வெளியே சாலை அடைத்துக் கூட்டம். தொலைக்காட்சிக் கேமராக்கள். அவள் தோளைக் குறுக்கி நுழையப் பார்த்தபோது ஒரு கை குறுக்கே வந்து மறித்தது. சங்கத்தின் தொண்டர் பாப்பாத்தி. அவளுடைய வீட்டுக்காரருக்கும் நெஞ்சில் தேனீ.

"எங்கீங்க பூந்து போறீங்க? கழுத்துல கம்பெனி அட்டை தொங்குது. அஞ்சு நாளைக்கு முன்ன குடிக்கத் தண்ணி கேட்டப்ப கேட்டைச் சாத்துனவங்கதான நீங்க? இப்ப போட்டோவுல நிக்கறதுக்கு வந்துட்டீங்களாக்கும்?"

"அக்கா, ஐயாவோட தேனீயை ஒரு தடவை பாக்கணும். டாக்டர் அனுப்பினாரு."

"எந்த டாக்டரு?"

"பாப்பாத்தி, உடு. பொம்பளப் புள்ளைய எதுக்கு மறிக்கற?" யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். கை விலகியது. தாரணி மேடை ஏறினாள்.

கலெக்டர், நடுத்தர வயதுப் பெண்மணி, கட்டிலின் அருகே குனிந்து நின்றார். கையில் கண்ணாடி டம்ளர். மஞ்சள் சாறு விளிம்பு வரை. சாமியப்பன் தலையணையில் சாய்ந்து கையை நீட்டியிருந்தார். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் மட்டும் பழைய குறும்போடு இருந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம், ஒரே நிமிஷம்," என்று சொல்லிக்கொண்டே தாரணி டேப்லெட்டை அவர் நெஞ்சருகே பிடித்தாள். பார்ப்பவர்களுக்குச் சோதனை மாதிரி தெரியட்டும் என்று. பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"ஐயா, அந்த ஜூஸைக் குடிச்சா உங்க தேனீ நின்னுரும்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. உதடு அசையாமல் கேட்டார். "விஷங்களா?"

"இல்லீங்க. சர்க்கரை. இந்த அடை தாங்காது. அப்புறமா விவரம் சொல்றேன். இப்ப என்னை நம்புங்க."

"கம்பெனிக்காரங்களை நம்பித்தான அம்மணி இதை நெஞ்சுக்குள்ள வெச்சேன்."

கேமராக்கள் நெருங்கின. கலெக்டர் புருவத்தை உயர்த்தினார். டம்ளர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.

"உங்கூட்ல ஆருக்காச்சும் இருக்குதுங்களா?" சாமியப்பன் கேட்டார்.

"எங்கம்மாவுக்கு."

அவர் ஒரு நொடி அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் புறங்கையால் மெல்ல விலக்கினார். பந்தலில் சத்தம் அடங்கியது. உடன்பாடு முறிந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். பின் வரிசையில் யாரோ "போச்சு!" என்றார்கள்.

"கலெக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க," என்றார் சாமியப்பன். குரல் கம்மியிருந்தது, மைக் அதை எடுத்துக் கொடுத்தது. "ஒரு வாரம் காஞ்ச வவுறு. இந்தப் பணக்காரச் சரக்கெல்லாம் உள்ள போனா என்ன எதுன்னு வெசாரிக்கும். எனக்கு நீர்மோர் குடுங்க. உங்க கையாலயே குடுங்க. அதுதானுங் மரியாதி."

பந்தல் வெடித்துச் சிரித்தது. கலெக்டரும் சிரித்துவிட்டார். பக்கத்துத் தெருமுனையிலிருந்த நீர்மோர்ப் பந்தலுக்கு ஒருவர் ஓடினார். மோர் வந்தது. சாமியப்பன் மிடறு மிடறாகக் குடித்தார். கைதட்டல், விசில், மறுபடி பட்டாசு. 'உண்ணாவிரதம் முடிந்தது' என்று தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கேமராவைப் பார்த்துக் கத்தினார்.

தாரணி டேப்லெட்டைப் பார்த்தாள். கோடு ஒரே சீராகப் போனது. மேடைத் தூணில் சாய்ந்துகொண்டாள். முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு அடை.

அப்போதுதான் அந்தக் காகிதக் கோப்பைகளைப் பார்த்தாள்.

தலைவர் முடித்தால் கூட இருப்பவர்களும் முடிக்க வேண்டும். அது வழக்கம். சாமியப்பனுக்குத் துணையாக முறை வைத்துப் பட்டினி இருந்தவர்கள் மேடைக்குக் கீழே பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருமே பழைய மாடல். கூடை கூடையாகப் பிழிந்த சாற்றை வீணாக்குவானேன் என்று தொண்டர்கள் ஒரு முனையிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்தார்கள். பாப்பாத்தி ஒரு கோப்பையைத் தன் வீட்டுக்காரரின் கையில் வைத்து, "மெதுவாக் குடிங்க, பொரையேறப் போகுது," என்றாள்.

தாரணியின் போன் அதிர்ந்தது. ஜெயசீலன். மேலே ஜன்னலிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வரிசையில் இருப்பவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது. இவர்கள் அடையில் காவல்காரன் மிச்சமிருக்கலாம். சிலருக்கு இருக்கலாம். இருக்காமலும் போகலாம். வாயைத் திறக்காமல் நின்றால் அம்மா பிழைப்பாள். அவள் அப்படியே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை, பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அது உண்மையில் மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் நின்றாள்.

பிறகு கலெக்டர் முன்னாலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"யாரும் ஜூஸ் குடிக்காதீங்க! கீழ வைங்க! தேனீ வெச்சவங்க யாரும் குடிக்காதீங்க! காலி வயித்துல சர்க்கரை ஏறுனா அடை எரிஞ்சு போயிரும். நான் கம்பெனியில இந்த நொதி மேலதான் வேலை பாக்கறேன். தெரிஞ்சுதான் சொல்றேன். கீழ வைங்க!"

அப்புறம் ஒரே கூச்சல். பாப்பாத்தி வீட்டுக்காரரின் வாயருகே இருந்த கோப்பையைத் தட்டிவிட்டாள். அது அவர் வேட்டியெல்லாம் கொட்டியது. கோப்பைகள் பாயில் உருண்டன.

"குடிச்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

வரிசையின் முனையில் ஒரு கை, வகுப்பில் தூக்குவது மாதிரி உயர்ந்தது. "ஐயோ, கனகவல்லி டீச்சரு!" என்றாள் பாப்பாத்தி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் முழுசாக் குடிச்சுட்டனே," என்றார், தப்புச் செய்த குரலில். "தாகமா இருந்துச்சு."

தாரணி கீழே குதித்தாள். டேப்லெட்டில் டீச்சரின் பெயரைத் தேடி எடுத்தாள். இரண்டாவது கோடு தரையில் கிடந்தது. சர்க்கரைக் கோடு ஏறத் தொடங்கியிருந்தது.

"டீச்சர், படுத்துக்குங்க. பேசாதீங்க."

"நின்னுருமா?"

"பாத்துக்கலாம் டீச்சர்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் டீச்சரு."

"நிக்கலாம். நாங்க விடமாட்டோம்."

சாமியப்பனுக்காகக் கம்பெனி நிறுத்தியிருந்த ஆம்புலன்சிலிருந்து இளம் டாக்டர் ஒருவர் ஓடி வந்தார். டீச்சரின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. துடிப்புக் கோடு தடுக்கியது, தாவியது, நீண்ட இடைவெளி விட்டது.

"பட்டினி மயக்கம்," என்றார் டாக்டர். பழக்க தோஷத்தில் அவர் கை நேராகக் குளுக்கோஸ் பாட்டிலுக்குப் போனது.

தாரணி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "குளுக்கோஸ் ஏத்துனீங்கன்னா நீங்களே கொன்ன மாதிரி. வெளியிலேருந்து இதயத்தை ஓட்டற மெஷின் இருக்கா? நெஞ்சுல ஒட்டுவாங்களே?"

"இருக்கு, ஆனா..."

"ஒட்டுங்க!"

கோடு படுத்துவிட்டது. டாக்டர் இரண்டு பட்டைகளை ஒட்டிப் பொத்தானை அழுத்தினார். டீச்சரின் உடம்பு லேசாகத் தூக்கிப் போட்டது. மறுபடி. மறுபடி. டாக்டர் டீச்சரின் கழுத்தில் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நாடி இருக்கு."

சைரன் அலறிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியது. அது போன பிறகு கலெக்டர், கம்பெனியோடு கையெழுத்திட வைத்திருந்த ஒப்பந்தத் தாள்களை இரண்டாக மடித்துத் தன் உதவியாளரிடம் கொடுத்தார்.

"இதுல நான் இனிமே கையெழுத்துப் போட முடியாது. புது அடையும் இதே மாதிரிதானா?"

"ஆமாம் மேடம்."

"அப்ப ஒண்ணுகூட வெளியே போகக் கூடாது. சோதனை முடியற வரைக்கும்." ஜெயசீலன் சொன்னது சொல்லுக்குச் சொல் நடந்தது.

பாப்பாத்தி எழுந்து வந்தாள். கையெல்லாம் பிசுபிசுவென்று சாறு. "ஏன் கண்ணு, உனக்கு என்ன கெடுதல் பண்ணுனோம்? வெள்ளிக்கிழமை வர்ற அடையையும் வராமப் பண்ணிட்டியே! இவரோட அடை தீர்ற நெலமையில இருக்குது. நான் எங்க போவேன்?"

"பாப்பாத்தி," என்றார் சாமியப்பன் கட்டிலிலிருந்து. "இந்தப் புள்ள கம்முனு இருந்திருந்தா, இன்னேரம் உன்ற ஊட்டுக்காரனும் உழுந்திருப்பான், நெஞ்சுல பட்டை ஒட்டறதுக்கு ரெண்டாவது ஆம்புலன்சு இல்லை. உக்காரு." பிறகு தாரணியைக் கூப்பிட்டார். "அடை வர்றதுக்கு நாளாகுமுங்களா?"

"நாளாகுங்க. எவ்வளவுன்னு தெரியாது."

"அது வரைக்கும்?"

தாரணி தயங்கினாள். இதைச் சொல்வது மைக்கில் கத்தியதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அரை வயித்துக்கு மேல சாப்பிடக் கூடாதுங்க. இனிப்பு, பழம், சோறு எதுவும் நிறைய உள்ள போகக் கூடாது. மோர், கீரை, கொஞ்சம் கம்பு. பசியோடவே இருக்கணும். பசி இருந்தா அடை தாங்கும்."

சாமியப்பன் பந்தலின் துணியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "கம்பெனி வாசல்ல ஒரு வாரம் கிடந்தா முடிஞ்சுரும்னு நெனச்சேன்," என்றார். "இனி ஊட்டுக்குப் போயும் கிடக்கோணுமாட்ட இருக்குது." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தாரணி கூட்டத்திலிருந்து விலகி நடுச்சாலைத் திட்டில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'உண்ணாவிரதம் முடிந்தது' என்று தொலைக்காட்சியில் சொன்னார்களே. அம்மா பார்த்திருப்பாள். சந்தோஷம் வந்தால் அம்மா செய்வது ஒன்றே ஒன்றுதான். சமையலறைக்குப் போவாள்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். டேப்லெட்டில் அம்மாவின் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். விரல் வரவில்லை.

மூன்றாவது தடவை அம்மா எடுத்தாள்.

"கண்ணு! டி.வி.ல சொன்னாங்க, எல்லாம் முடிஞ்சுதாமா? பாயசம் கிண்டிட்டிருந்தனா, போன் சத்தமே கேக்கல. நீ சாப்ட்டயா?"

"நீ சாப்ட்டயாம்மா?"

அந்தக் கேள்வியை அவள் வாழ்க்கையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பதிலுக்காக ஒரு தடவையும் காத்திருந்ததில்லை. இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீ வராம நான் எப்படிச் சாப்பிடறது? நல்லா சுண்டட்டும்னு இறக்காம வெச்சிருக்கறேன். நீ வா, ஒட்டுக்கா சாப்பிடலாம்."

தாரணி முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டலேஸ், டீச்சர், கலெக்டர், மடித்த தாள்கள். வெள்ளிக்கிழமை அடை வராது என்பதை. அது யாரால் என்பதை.

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த டீச்சரம்மா?"

"இருக்காங்கம்மா. இப்போதைக்கு இருக்காங்க."

"ம். பாயசத்தைக் கீழ்வீட்டுப் புள்ளைங்களுக்குக் குடுத்தர்றேன். ஆறிப்போனா நல்லாருக்காது."

"சரிம்மா."

"கண்ணு." அம்மாவின் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "இனிமே நம்மூட்டுக்கு வர்றப்ப வெளியிலயே சாப்ட்டுட்டு வந்துரு. இங்க ஒண்ணும் இருக்காது."